கரைந்தால்தான் மருந்து

நோயுற்றவர் ஒருவர் மாத்திரையை வாயிலிட்டு ஒரு மிடறு நீர் பருகியதும், மருந்து உட்கொள்ளப்பட்டுவிட்டது என்று வீட்டார் ஆறுதல் அடைகின்றனர். அவரும் அவ்வாறே எண்ணிக் கண்ணயர்கிறார். ஆயின், அந்த வேளையில் மருந்து உடலுக்குள் புகுந்துவிட்டதாகச் சொல்ல இயலாது. வாயில் தொடங்கிக் குடலின் இறுதிவரை செல்லும் அந்த நெடுங்குழாய், வீட்டின் முன்னே ஓடும் தெருவைப் போன்றது. தெருவில் வந்து நிற்பவர் விருந்தினர் ஆகார். வாயிலைக் கடந்து உள்ளே வந்தால்தான் விருந்தினர். மருந்தும் குடலின் சுவரைக் கடந்து குருதியிற் கலந்தால்தான் மருந்து. அச்சுவரைக் கடப்பதற்கு முதல் நிபந்தனை ஒன்று உண்டு. மருந்து முதலில் கரைய வேண்டும். கரையாத மருந்து வாயில்வரை வந்து, கதவு திறவாமையால், தெருவோடு போய்விடும்.

இன்று நாம் உண்ணும் மாத்திரைகளுள் கணிசமானவை நீரில் எளிதிற் கரையாத பொருள்களால் ஆனவை. அவற்றைக் கரையச் செய்வது எவ்வாறு என்னும் வினா, மருத்துவ வரலாற்றில் ஓரமாக நின்ற சிறு வினா அன்று. அதற்கு விடை தேடிய முயற்சியில் அரிய கண்டுபிடிப்புகளும் தோன்றியுள்ளன, பெருந்துயரங்களும் நிகழ்ந்துள்ளன. அவ்வரலாற்றில் நாம் வாழும் பெங்களூரு நகருக்கும் ஒரு பங்கு உண்டு. பிழைப்பை நாடியும் பணியை நாடியும் இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும், இருமல் கண்ட இரவுகளில் பாலில் மஞ்சளும் மிளகும் இட்டுக் காய்ச்சிப் பருகுவதை இன்றும் கைவிடவில்லை. அந்தக் குவளைப் பாலும் இவ்வரலாற்றில் ஓரிடத்தில் வந்து சேரும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர்க்கு இப்பொருளின் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாடு நேரும். நாம் பொதுவாகக் ‘கரைதல்’ என்று ஒரே சொல்லாற் குறிப்பதனுள் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. குறித்த அளவு நீரில் ஒரு பொருள் எவ்வளவு கரையும் என்பது ஒன்று. எவ்வளவு விரைவிற் கரையும் என்பது மற்றொன்று. முன்னதைக் கரைதிறன் என்றும் பின்னதைக் கரைவேகம் என்றும் கூறுவோம். கற்கண்டும் சீனியும் ஒரே சர்க்கரைதான். ஒரு குவளை நீரில் இரண்டும் இறுதியில் ஒரே அளவுதான் கரையும். ஆயினும் சீனி கண்ணிமைக்கும் நேரத்திற் கரைந்துவிட, கற்கண்டு குவளையின் அடியில் நெடுநேரம் கிடக்கிறது. மருந்துக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. குடலில் மருந்து தங்கும் நேரம் சில மணிகளே. அதற்குள் கரையாதது கரையாததே.

இவ்வேகத்தை முதன்முதலாக ஒரு கணித விதியில் அடக்கியவர்கள் அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆர்தர் நோயஸ், வில்லிஸ் விட்னி என்னும் இருவர். 1897ஆம் ஆண்டில் அவர்கள் எளிதிற் கரையாத இரு பொருள்களை உருளைகளாக வார்த்து, நீரிலே சுழலவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று அளந்தனர். நீர் இன்னும் எவ்வளவு ஏற்கவல்லதோ அதற்கேற்பக் கரைவேகம் அமைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. பின்வந்தோர் அவ்விதியை விரிவாக்கி, பொருளின் புறப்பரப்பு மிகுந்தால் வேகமும் மிகும் என்பதையும் அதனுள் அமைத்தனர். கற்கண்டைப் பொடித்தால் விரைந்து கரைவதன் காரணம் இதுவே.

விதி அறியாத காலத்திலும் வழக்கம் இருந்தது. நம் சித்த வைத்தியர்கள் மருந்துச் சரக்கைக் கல்வத்திலிட்டுச் சாமக்கணக்கில் அரைத்தனர். சூரணத்தைத் துணியிற் சலித்து வஸ்திரகாயம் செய்தனர். மருந்தைத் தனியே தராமல் தேன், நெய், பால், வெந்நீர் என நோய்க்கேற்ற அனுபானத்தோடு தந்தனர். இவற்றையெல்லாம் இன்றைய விஞ்ஞானத்தின் முன்னறிவிப்பு என்று பெருமை பேசுதல் முறையன்று; அவர்கள் கருதிய காரணங்கள் வேறு. எனினும், மருந்தின் பெயரும் எடையும் மட்டும் போதா, அது எந்த வடிவில், எதனோடு சேர்ந்து உள்ளே செல்கிறது என்பதும் மருத்துவத்தின் பகுதியே என்னும் கருத்து அவர்களிடம் தெளிவாக இருந்தது.

மேனாட்டு மருத்துவம் இப்பாடத்தை நம் நாட்டிலேயே கற்க நேர்ந்த இடம் கொயினா மருந்து. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கொயினாவை 1820இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான பெல்லெத்தியே, கவாந்து என்போர் பிரித்தெடுத்தனர். முறைக்காய்ச்சலால் படைவீரரும் குடிமக்களும் மடிந்துகொண்டிருந்த இந்தியாவில் அம்மரத்தை வளர்க்கக் கருதிய ஆங்கில அரசு, 1859ஆம் ஆண்டில் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென்னமெரிக்காவுக்கு அனுப்பியது. அவ்வழியே வந்த கன்றுகளும் விதைகளும் நீலகிரியில் வேரூன்றின. உதகமண்டலத்து அரசினர் தோட்டத்தைக் கண்காணித்துவந்த மக்கைவர் என்பவரின் மேற்பார்வையில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. நடுவட்டத்தில் கொயினாத் தொழிற்சாலையும் ஏற்பட்டது.

இவ்வாறு கிடைத்த கொயினா பெரும்பாலும் சல்பேட் உப்பாகவே வழங்கியது. அதன் குறை யாதெனின், ஒரு பங்கு கரைவதற்கு ஏறத்தாழ 800 பங்கு குளிர்நீர் வேண்டும். ஆதலால் மருத்துவமனைகளில் அதனோடு சில துளி நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்துக் கரைத்து, கலவையாகப் புட்டியில் ஊற்றித் தந்தனர். அமிலம் சேர்ந்தவுடன் கலங்கிய நீர் தெளிந்து நீலவொளி காட்டும். அதே கொயினாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு இருமடங்காகச் சேர்த்த உப்பாக்கினால், அது தன் எடையளவு நீரிலேயே கரைந்துவிடும். மருந்து மாறவில்லை, அது கைகோத்துள்ள துணை மாறியது, கரைதிறன் பன்னூறு மடங்கு உயர்ந்தது. கரையாத மருந்தை உப்பாக்கிக் கரைக்கும் இம்முறை இன்றும் மருந்துத் தொழிலில் முதலிற் கையாளப்படும் முறையாகும்.

கொயினா மற்றொரு நுட்பத்தையும் உணர்த்தியது. நாவில் கரைவதுதான் நாவிற் சுவைக்கும். எனவே நன்கு கரையும் கொயினா கடுமையாகக் கசந்தது. குழந்தைகள் துப்பிவிடுகின்றன என்பதற்காக டானேட் என்னும் கசப்பற்ற உப்பைச் செய்தனர். அது கசக்காமைக்குக் காரணம் அது கரையாமையே. அதே காரணத்தால் அது குருதியிற் சேர்வதும் மந்தமாயிற்று. குழந்தையின் நாவுக்கு இதமாக இருந்தது, குழந்தையின் காய்ச்சலுக்கும் இதமாகவே இருந்துவிட்டது.

கரைக்க வேண்டும் என்னும் அவசரம் எத்தகைய கேட்டில் முடியும் என்பதை உலகம் 1937ஆம் ஆண்டில் கண்டது. சல்பா மருந்துகள் புதிதாக வந்து, தொற்றுநோய்களை வியக்கத்தக்க முறையில் வென்றுகொண்டிருந்த காலம் அது. சல்பனிலமைடு என்னும் மருந்து மாத்திரையாகவும் தூளாகவும் கிடைத்தது. நீரிலோ நன்கு கரையவில்லை. குழந்தைகளுக்குத் தரத் தக்க இனிய நீர்மருந்து வேண்டும் என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று விரும்பிற்று. அதன் இரசாயன நிபுணர் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் கரைப்பானில் அம்மருந்து நன்கு கரைவதைக் கண்டார். நிறமும் மணமும் சுவையும் சோதிக்கப்பட்டன. அக்கரைப்பான் நஞ்சா என்பது சோதிக்கப்படவில்லை. சிறுநீரகம் பழுதுற்று நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அத்துயரின் விளைவாகவே, மருந்தை விற்பனைக்குக் கொண்டுவருமுன் அதன் பாதுகாப்பை நிறுவ வேண்டும் என்னும் சட்டம் 1938இல் அமெரிக்காவில் பிறந்தது.

அந்த நஞ்சின் கதை அத்துடன் முடிந்துவிட்டதென்று சொல்லக்கூடாதா என்று மனம் ஏங்குகிறது. முடியவில்லை. நீர்மருந்துகளில் கரைப்பானாகச் சேர்க்கும் பொருள்களில் அதே நஞ்சு கலந்திருந்தமையால், 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலும், 2025இல் நம் மத்தியப் பிரதேசத்திலும் பிஞ்சுக் குழந்தைகள் பலர் மாண்டனர். மருந்தைக் கரைக்கும் பொருளும் மருந்தைப் போன்றே சோதனைக்குரியது என்னும் பாடத்தை நாம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.

இனி, கரைப்பானை விட்டு மாத்திரைக்கு வருவோம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் மருந்தியல் அறிஞர்களின் கருத்து ஒரு புதிய திசையில் திரும்பிற்று. படர்தாமரைக்குத் தரப்பட்ட கிரிசியோபுல்வின் என்னும் மருந்தை மேலும் நுண்ணிய துகளாக்கியபோது, முன் தந்த அளவில் பாதியே போதுமாயிற்று. 1961இல் ஜப்பானிய அறிஞர்களான செகிகுச்சி, ஓபி என்போர், கரையாத சல்பாத் தயசோலை எளிதிற் கரையும் யூரியாவோடு உருக்கிச் சேர்த்து உறையவைத்து, யூரியா கரையும்போது மருந்தும் மிக நுண்ணிய துகள்களாய் வெளிப்படும்படி செய்தனர். அரைத்தல், உருக்கிச் சேர்த்தல், உப்பாக்கல் என்று வழிகள் பெருகின.

வழிகள் பெருகியபோது ஓர் அச்சமும் பெருகிற்று. கரைவேகம் மாறினால், அதே எடையுள்ள அதே மருந்து நோயாளிக்குப் போதாமலும் போகலாம், மிஞ்சியும் போகலாம். 1968ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஃபெனிடோயின் என்னும் வலிப்புநோய் மருந்தை நெடுங்காலமாக நலமுடன் உட்கொண்டுவந்தவர்கள் திடீரெனத் தள்ளாடலாயினர். மருந்து மிஞ்சியதன் குறிகள் அவர்களிடம் தோன்றின. அளவு கூட்டப்படவில்லை. ஆராய்ந்தபோது, மாத்திரைக் கூட்டினுள் இடம் நிரப்புவதற்காகச் சேர்த்திருந்த கால்சியம் சல்பேட்டை நீக்கி, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைச் சேர்த்திருந்தது தெரியவந்தது. மருந்தென்றே யாரும் கருதாத நிரப்புப் பொருளின் மாற்றம், மருந்தின் செயலையே மாற்றிவிட்டது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1971இல், இதயநோய்க்குத் தரும் டிகாக்சின் மாத்திரைகளை அமெரிக்க மருத்துவர்கள் ஒப்பிட்டனர். ஒவ்வொரு மாத்திரையிலும் எழுதியிருந்த அளவு ஒன்றே. எனினும், குருதியில் சேர்ந்த மருந்தின் உச்ச அளவு, தயாரிப்புக்குத் தயாரிப்பு ஏழு மடங்குவரை வேறுபட்டது. டிகாக்சினில் பயன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஒரு கடையில் மாத்திரை தீர்ந்துபோய் அடுத்த கடையில் வேறொரு நிறுவனத்தின் மாத்திரையை வாங்கிய முதியவர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், இந்த ஏழு மடங்கு என்பதன் பொருள் விளங்கும்.

இவற்றின் பயனாக, மாத்திரையில் மருந்து எவ்வளவு உள்ளது என்று அளப்பதோடு, உடலின் வெப்பத்தில் வைத்த நீர்மத்தில் அது குறித்த நேரத்திற்குள் எவ்வளவு கரைகிறது என்றும் அளக்கும் சோதனை ஏற்பட்டது. 1970இல் அமெரிக்க மருந்து நூலில் இடம்பெற்ற அச்சோதனை, பின்னர் இந்திய மருந்து நூல் உள்ளிட்ட பிற நாட்டு நூல்களிலும் நிலைபெற்றது.

இத்தனை காவலும் போதாத ஒரு நிகழ்ச்சி 1998இல் நேர்ந்தது. எய்ட்ஸ் நோயாளிகளின் உயிர் காத்துவந்த ரிட்டோனவிர் என்னும் மருந்து, 1996இல் விற்பனைக்கு வந்து இரண்டாண்டுகள் ஒழுங்காகச் செயற்பட்டுவந்தது. திடீரென ஒருநாள் புதிதாகச் செய்த தொகுதிகள் கரைவுச் சோதனையில் தவறலாயின. மருந்தின் மூலக்கூறு மாறவில்லை, மாசும் கலக்கவில்லை. அதே மூலக்கூறுகள் வேறொரு முறையில் அடுக்கி நின்று, அதற்குமுன் எவரும் அறியாத புதிய படிகமாக உருவெடுத்திருந்தன. கரியும் வைரமும் ஒரே தனிமத்தின் இரு வடிவங்கள் அல்லவா? அதுபோன்றே இதுவும். புதிய படிகம் உறுதி மிக்கது. ஆதலால் கரைதல் அரிது. அம்மருந்தின் கேப்சூல்களைத் திரும்பப் பெற்று, வேறு வடிவத்தில் மீண்டும் தயாரிக்க வேண்டியதாயிற்று. மருந்தின் கரைவு அதன் படிக அடுக்கில் உள்ளது என்பது அன்று எல்லோருக்கும் புலனாயிற்று.

படிகத்தின் அடுக்கை ஆராயும் கலை பெங்களூருக்குப் புதியதன்று. 1909இல் நிறுவப்பெற்ற இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு 1933இல் இயக்குநராக வந்த சர் சி. வி. இராமன், படிகங்களிலும் வைரங்களிலும் தீராத ஈடுபாடு கொண்டவர். அவருடைய மாணவராக அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கிய ஜி. என். இராமச்சந்திரன், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் புகழ் நாட்டி, 1970ஐ ஒட்டிப் பெங்களூருக்கே திரும்பி, அக்கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை அமைத்தார். எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் படிகத்தின் உள்ளமைப்பைக் காணும் மரபு இவ்வாறு இந்நகரில் வேர்கொண்டது.

காண்பதோடு நில்லாமல், வேண்டிய படிகத்தைத் திட்டமிட்டு அமைக்க இயலுமா என்பது அடுத்த வினா. அதனைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் 1952இல் சென்னையிற் பிறந்த கௌதம் தேசிராஜு. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் முப்பதாண்டுகள் பணியாற்றி, 2009இல் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்திற்கு வந்தார். படிகப் பொறியியல் என்னும் இத்துறைக்கு அவர் 1989இல் எழுதிய நூல் உலகெங்கும் அடிப்படை நூலாயிற்று. மூலக்கூறுகள் எந்தெந்த முனையில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பதை அறிந்தால், எதனோடு எதைச் சேர்த்து அடுக்கலாம் என்று முன்கூட்டியே வகுக்கலாம் என்பது அவர் காட்டிய நெறி.

இந்நெறி மருந்துக்கு வந்தபோது இணைபடிகம் என்னும் புதிய வழி திறந்தது. உப்பாக்கும் முறை அமிலமோ காரமோ ஆகிய மருந்துகளுக்கே பெரிதும் பொருந்தும். இணைபடிகத்திற்கு அத்தடை இல்லை. சுவரில் ஒரே வகைச் செங்கற்கள் இறுகப் பிணைந்திருந்தால் அதைக் கலைத்தல் அரிது. இடையிடையே வேறு கல் வைத்துக் கட்டினால் பிணைப்பின் தன்மை மாறிவிடும். அவ்வாறே மருந்து மூலக்கூறுகளுக்கிடையே தீங்கற்ற மற்றொரு பொருளின் மூலக்கூறுகளை வரிசையாக அமர்த்திப் புதிய படிகம் செய்வதே இம்முறை. மருந்து மருந்தாகவே இருக்கும். அதன் கரைவு மட்டும் மாறும்.

2015இல் தேசிராஜு குழுவினர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இரத்த அழுத்தம் உள்ளோர் பலர் உண்ணும் ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் சிறுநீர் பெருக்கும் மருந்து, கரைவதிலும் குறை, சவ்வைக் கடப்பதிலும் குறை என்னும் இரட்டைக் குறையுடையது. அதனை ஐந்து துணைப்பொருள்களோடு தனித்தனியே சேர்த்து ஐந்து இணைபடிகங்கள் செய்தனர். அவற்றுள் மூன்று மருந்தைவிட நன்கு கரைந்தன; நான்கு சவ்வை எளிதிற் கடந்தன. எல்லாம் வெற்றி என்று அவர்கள் கூறவில்லை. தவறியவற்றையும் சேர்த்தே எழுதினர். அப்படிகங்களைச் செய்த முறைதான் நம் கவனத்திற்கு உரியது. இரு பொருள்களையும் ஒன்றாக இட்டு, சில துளி நீர்மம் விட்டு அரைத்தனர். கல்வத்தில் சாறு விட்டு அரைத்த நம் வைத்தியர் அக்காட்சியைக் கண்டிருந்தால், இதில் என்ன புதுமை என்று கேட்டிருப்பார். புதுமை, அரைத்த பின்பு எக்ஸ் கதிரால் உள்ளே நோக்கி, நிகழ்ந்தது யாது என்று அறிந்ததில் இருக்கிறது.

இனி அந்தக் குவளைப் பாலுக்கு வருவோம். மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் 1815இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1910இல் தெளிவாயிற்று. சோதனைக் குழாயில் அது காட்டும் நற்பண்புகள் பல. ஆயின் அது நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. கரைந்து கடந்த சிறிதளவையும் குடற்சுவரும் ஈரலும் உடனே உருமாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998இல் பெங்களூரு புனித யோவான் மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் இது குறித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். நலமுள்ள தன்னார்வலர்கள் 2 கிராம் குர்க்குமினைத் தனியே உண்டபோது, குருதியில் அதனைக் காணவே முடியவில்லை, அல்லது மிகச் சிறிதே காணப்பட்டது. மிளகின் சத்தாகிய பிபெரின் 20 மில்லிகிராம் சேர்த்துத் தந்தபோது, குருதியிற் சேர்ந்த அளவு 2000 விழுக்காடு உயர்ந்தது. மிளகுச் சத்து அந்த உருமாற்றத்தைச் சற்று நேரம் தடுத்ததே அதற்குக் காரணம்.

மிளகில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் பிபெரின் உண்டு எனக் கொண்டால், 20 மில்லிகிராமுக்கு ஏறத்தாழப் பத்து மிளகு போதும். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்னும் நம் பழமொழி நினைவுக்கு வந்து மகிழ்வூட்டுகிறது. ஆனால் மகிழ்ச்சி கணக்கை மறைத்துவிடக் கூடாது. மஞ்சட்பொடியில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உள்ளது. 2 கிராம் குர்க்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் பொடி வேண்டும். நம் வீட்டுப் பாலில் இடுவது அதில் மிகச் சிறு பகுதி. மேலும், கண்ணுக்குப் புலப்படாத அளவு இருபது மடங்கானாலும் சிறிதாகவே இருக்கக் கூடும். குருதியில் மிகுதியாகச் சேர்ந்தது என்பதும் நோய் தீர்ந்தது என்பதும் ஒன்றல்ல. குர்க்குமின் இன்ன நோயைத் தீர்க்கும் என்று ஐயமற நிறுவிய மருத்துவச் சோதனைகள் அரிது என்பதை 2017இல் அமெரிக்க அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். மிளகுச் சத்து தடுக்கும் உருமாற்றம் பிற மருந்துகளுக்கும் உரியது. மேலே கண்ட ஃபெனிடோயின் போன்றவற்றின் அளவையும் அது குருதியில் உயர்த்தக் கூடும். மிகையளவு மஞ்சட்சத்து வில்லைகளால் ஈரல் பழுதுற்றதாகவும் பல நாடுகளிற் பதிவாகியுள்ளது. பால் பருகுவதில் தீங்கில்லை. வில்லைகளை வாங்கி விழுங்குவோர் மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

அதே குர்க்குமினை இணைபடிகமாக்கும் முயற்சியும் நடந்தது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் அஷ்வினி நாங்கியா குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், ரெசார்சினாலோடு சேர்த்த குர்க்குமின் படிகம் ஏறத்தாழ 5 மடங்கும், பைரோகாலாலோடு சேர்த்தது ஏறத்தாழ 12 மடங்கும் விரைந்து கரைந்தன. பைரோகாலால் உண்ணத் தக்க பொருளன்று. ஆதலால் அது மருந்தாகவில்லை. வழி உண்டு என்பதற்குச் சான்றாயிற்று. 1937ஆம் ஆண்டின் துயரத்தை அறிந்தவர்கள், துணைப்பொருள் நஞ்சா என்று கேளாமல் ஓரடியும் எடுத்து வைக்க மாட்டார்கள்.

இவ்வரலாறு ஆராய்ச்சிக்கூடத்தோடு முடிவதாயின், அது நம்மவர்க்கு வெறும் செய்தியாகவே இருந்துவிடும். அவ்வாறு முடியவில்லை. 1995இல் அமிடன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் தோழர்களும், வாய்வழி மருந்துகளை, கரைதல், குடற்சுவரைக் கடத்தல் என்னும் இரு பண்புகளைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரித்தனர். நாம் பருகும் ஒரு குவளை அளவான 250 மில்லிலிட்டர் நீர்மத்தில் மருந்தின் மிகப்பெரிய வேளையளவு முழுதும் கரைய வேண்டும். இல்லையேல் அது கரைவு குறைந்த மருந்து. அவ்வகையில் இரண்டாம், நான்காம் வகுப்பு மருந்துகள் கரைவு குறைந்தவை.

நம் நாட்டில் ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல விலையில் செய்கின்றன. விலை குறைந்த பொதுப்பெயர் மருந்துகளே ஏழைகளின் பற்றுக்கோடு. அவற்றின் எடை சரியாக இருந்தும் கரைவு சரியாக இல்லையேல், ஏழை கொடுத்த காசும் வீண். அவன் நம்பிக்கையும் வீண். நெடுங்காலமாக, புதிய மருந்து என்னும் கணக்கில் உள்ள முதல் நான்காண்டுகளுக்குள் விண்ணப்பிப்போரிடமே, முன்னைய மருந்தோடு ஒத்து உடலிற் சேர்கிறது என்னும் சான்று பெரிதும் கேட்கப்பட்டது. 2017 ஏப்ரலில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, இரண்டாம், நான்காம் வகுப்புகளைச் சேர்ந்த வாய்வழி மருந்துகளுக்கு உற்பத்தி உரிமம் பெறுவோர் அச்சான்றைக் காட்ட வேண்டும் என்று விதித்தது. நடுவட்டத்துக் கொயினாவும், பிரிஸ்பேன் நகரத்து நோயாளிகளும், ஏழு மடங்கு வேறுபட்ட டிகாக்சினும் கற்பித்த பாடம் இவ்வாறு நம் நாட்டு விதியாக எழுதப்பட்டது.

விதியைக் காப்பது அரசின் கடன். தயாரிப்பது தொழிலின் கடன். நமக்கும் சிறிய கடன்கள் உண்டு. மாத்திரையை ஒரு மிடறு நீரால் தள்ளிவிடாமல் ஒரு குவளை நீருடன் உட்கொள்ளல் நன்று. மருத்துவர் நீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருப்பின் அதுவே நடப்பு. உணவுக்கு முன் என்றும் பின் என்றும் எழுதித் தருவதற்குக் காரணம் உண்டு, கொழுப்புள்ள உணவோடு சில மருந்துகள் நன்கு கரையும், சில தடைப்படும். மெல்லக் கரையுமாறு செய்த மாத்திரையைப் பொடித்துத் தந்தால், நாள் முழுதும் வரவேண்டிய மருந்து ஒரே வேளையில் வந்து சேரும். வலிப்பு, இதயநோய் போன்றவற்றுக்கு மருந்துண்போர், கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மாத்திரையைத் தந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து, ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் வெவ்வேறு கடைகளில் மருந்து வாங்கும் நம் போன்றோர்க்கு இது இன்னும் அவசியம்.

இந்நகரின் வடமேற்கே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் படிகத்தை அரைக்கும் ஆராய்ச்சியாளரும், நம் வீட்டு அடுக்களையில் மிளகை நசுக்கும் பாட்டியும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் முன்னே கொண்டிருக்கும் கவலை ஒன்றே. தந்த மருந்து தெருவிலேயே நின்றுவிடாமல், வீட்டுக்குள் வர வேண்டும்.